பைஜாமா மனிதரும் பத்தி எழுத்தாளரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சண்டையைப் பற்றி. நாளிதழில் பத்தி எழுதிப் பெயர் பெற்றவர்களுக்கும், இணையத்தில் வலைப்பதிவு எழுத வந்த புதியவர்களுக்கும் இடையே மூண்ட சண்டை அது. பல நாடுகளில் நடந்ததுதான். ஆனாலும் அமெரிக்காவில் 2002 முதல் 2008 வரை அது வெளிப்படையாக, பெயர் சொல்லி, தேதி போட்டு, இரு தரப்பு வாதமும் எழுத்தில் நிற்கும்படி நடந்தது. ஆகவே அந்த வழக்கையே உங்கள் முன் வைக்கிறேன். பத்தி எழுத்தாளர்கள் வைத்த குற்றச்சாட்டு என்ன? வலைப்பதிவர் சரிபார்ப்பதில்லை, களத்துக்குப் போவதில்லை, இருந்த இடத்தில் இருந்துகொண்டு கருத்துச் சொல்கிறார். இந்தக் குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். சரிபார்ப்பு என்ற பெருமை யாருடைய பெருமை? அதைச் சொல்லிப் பிறரைத் தாழ்த்தும் உரிமை யாருக்கு உண்டு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைய பேச்சு முழுவதும் நடக்கப்போகிறது.

2004 செப்டம்பர் 8. அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியின் புதன்கிழமைப் பதிப்பில் டான் ராதர் தோன்றினார். ஜார்ஜ் புஷ் இளம் வயதில் தேசியக் காவல்படையில் விமானியாக இருந்தபோது சலுகை பெற்றார், கடமையில் தவறினார் என்பதற்குச் சான்றாகச் சில தாள்களைக் காட்டினார். 1972, 1973 ஆண்டுகளில் ஜெரி கில்லியன் என்ற படை அதிகாரி தட்டச்சு செய்து கோப்பில் வைத்தவை என்று அவை சொல்லப்பட்டன. அன்றிரவே இணைய விவாதக் களம் ஒன்றில் ஒருவர் ஐயம் கிளப்பினார். அந்தக் காலத்துச் சாதாரண தட்டச்சுப் பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான். இந்தத் தாள்களிலோ மெலிந்த எழுத்துக்குக் குறைந்த இடமும் அகன்ற எழுத்துக்கு நிறைந்த இடமும் விடப்பட்டிருக்கிறதே, எப்படி? மறுநாள் காலையில் 'பவர் லைன்' என்ற வலைப்பதிவு இந்தக் கேள்வியை எடுத்துப் போட்டது. வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்த தொழில்நுட்ப விவரங்களை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சார்ல்ஸ் ஜான்சன் என்ற வலைப்பதிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மைக்ரோசாஃப்ட் வேர்டைத் திறந்தார். எந்த அமைப்பையும் மாற்றாமல் ஒரு தாளின் வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்தார். வந்த பிரதியைச் சி.பி.எஸ். வெளியிட்ட தாளின் மேல் வைத்துக் காட்டினார். வரி முடிகிற இடம், எழுத்துக்கு இடையே உள்ள வெளி, எல்லாம் பொருந்தி நின்றன.

அதற்கு வந்த பதில்தான் நம் பொருளுக்கு முக்கியம். சி.பி.எஸ். செய்திப் பிரிவில் முன்பு உயர்பொறுப்பு வகித்த ஜோனதன் க்ளைன் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் பேசினார். ஒரு பக்கம் அடுக்கடுக்கான சரிபார்ப்பும் கட்டுப்பாடும் உள்ள நிறுவனம், மறுபக்கம் வீட்டு வரவேற்பறையில் பைஜாமா போட்டுக்கொண்டு எழுதும் ஆள், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்பதே அவர் வாதம். நண்பர்களே, ஜான்சன் காட்டிய தாளைப் பற்றி அந்தப் பதிலில் ஏதாவது இருக்கிறதா? எழுத்தின் அகலத்தைப் பற்றி ஒரு சொல் உண்டா? கேட்டவர் என்ன உடுத்தியிருந்தார் என்பது மட்டும்தான் இருக்கிறது. பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 20 அன்று, அந்தத் தாள்கள் உண்மையானவை என்று தன்னால் நிறுவ முடியவில்லை என்று சி.பி.எஸ். ஒப்புக்கொண்டது. 2005 ஜனவரியில் தனிக்குழுவின் அறிக்கை வந்தது. தாள்கள் போலி என்று அந்தக் குழு அறுதியிடவில்லை. சரிபார்க்காமல் அவசரப்பட்டு ஒளிபரப்பியதைத்தான் கடுமையாகக் கண்டித்தது. தயாரிப்பாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார். மேலதிகாரிகள் மூவரைப் பதவி விலகச் சொன்னார்கள். அடுக்கடுக்கான சரிபார்ப்பு என்று எதைச் சொன்னார்களோ, அதுவே அங்கே நடக்கவில்லை என்று அவர்கள் அமர்த்திய குழுவே சொல்லிவிட்டது. வலைப்பதிவர்கள் அந்த வசைச் சொல்லைக் கீழே போடவில்லை. 'பைஜாமாஸ் மீடியா' என்று தங்கள் கூட்டு நிறுவனத்துக்கே பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அது தொலைக்காட்சி நிறுவனத்தின் கதை. பத்தி எழுத்தாளரின் கதைக்கு வருவோம். 2007 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' கருத்துப் பக்கத்தில் மைக்கேல் ஸ்கூப் ஒரு கட்டுரை எழுதினார். சாதாரண ஆள் அல்லர். 1989-இல் விமர்சனத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர். அப்போது வட கரோலினாவில் ஈலான் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்து வந்தவர். வலைப்பதிவுகள் வெறும் இரைச்சல் என்பது அவர் கட்சி. வலைப்பதிவர்களிடம் கருத்து மிகுதி, தகவல் குறைவு. உண்மையான செய்தி என்பது பொறுமையாகத் தகவல் திரட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்து, மாதக்கணக்கில் உழைத்து வருவது என்றார். அதற்கு எடுத்துக்காட்டாக 'வாஷிங்டன் போஸ்ட்' இதழின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைத் தொடரைச் சொன்னார். டேனா பிரீஸ்ட், ஆன் ஹல் என்ற இரு பெண் செய்தியாளர்கள் நான்கு மாதத்துக்கு மேல் உழைத்து, ஈராக்கில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்கள் பூஞ்சை பிடித்த சுவர்களுக்கு நடுவே கைவிடப்பட்டுக் கிடந்ததை வெளிக்கொண்டு வந்த தொடர் அது. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. அந்தத் தொடரை எழுத எந்த வலைப்பதிவராலும் அன்றைக்கு முடிந்திருக்காது. இதை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கட்டுரையில் சில வலைப்பதிவர்களின் பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஜோஷுவா மைக்கா மார்ஷல். 2000-ஆம் ஆண்டு நவம்பரில், அதிபர் தேர்தலின் ஃபுளோரிடா மறு எண்ணிக்கைக் குழப்பத்தின் நடுவே 'டாக்கிங் பாயிண்ட்ஸ் மெமோ' என்ற வலைப்பதிவைத் தொடங்கியவர். 2007-இல் அவரிடம் சம்பளம் வாங்கும் செய்தியாளர்கள் இருந்தார்கள். அவர்களுடைய அன்றாட வேலையே தகவல் திரட்டுவது. ஆகவே மார்ஷல் ஸ்கூப்புக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டார்: எங்கள் தளத்தை நீங்கள் படித்திருக்கிறீர்களா? வந்த பதில் என்ன தெரியுமா? உங்கள் பெயரைக் கட்டுரையில் நான் போடவில்லை. உங்கள் தளத்தில் நான் நேரம் செலவிட்டதும் இல்லை. ஆசிரியர் குழுவில் ஒருவர் எடுத்துக்காட்டுகள் வேண்டுமென்று பெயரைச் சேர்க்கச் சொன்னார். ஸ்கூப் சரி என்று விட்டுவிட்டார். அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். சரிபார்ப்பைப் பற்றிய கட்டுரை. சரிபார்க்காதவர்களைக் கண்டிக்கும் கட்டுரை. அதில் குற்றவாளியாகப் பெயர் சொல்லப்பட்டவரின் எழுத்தை ஆசிரியர் பார்த்ததில்லை. பெயரைச் சேர்த்தது பத்திரிகை அலுவலகம். எந்த அலுவலகம் தவறைத் தடுக்கும் என்று சொல்லப்பட்டதோ, அந்த அலுவலகத்தின் கை வழியாகவே தவறு உள்ளே நுழைந்தது.

ஸ்கூப் என்ற தனி மனிதரின் நேர்மையைப் பற்றி நான் பேசவில்லை. கேட்டவுடன் மறைக்காமல் உண்மையைச் சொன்னார், அது பெருந்தன்மை. நான் பேசுவது ஒரு பழக்கத்தைப் பற்றி. வலைப்பதிவரைத் தாழ்த்த வேண்டுமென்றால் பத்தி எழுத்தாளர் எதைக் காட்டுகிறார்? தன் பத்தியைக் காட்டுகிறாரா? இல்லை. டேனா பிரீஸ்டைக் காட்டுகிறார், ஆன் ஹல்லைக் காட்டுகிறார். அந்த இரு பெண்கள் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நடந்து நடந்து திரட்டிய புகழைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, 'பார், நாங்கள் எப்படிப்பட்டவர்கள்' என்கிறார். செய்தியாளர் வேறு, பத்தி எழுத்தாளர் வேறு. வால்டர் லிப்மன் 1931-இல் 'நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன்' இதழில் தம் பத்தியைத் தொடங்கிய காலத்திலிருந்து, பத்தி என்றால் செய்தியின் மேல் ஒரு மனிதர் சொல்லும் கருத்து. அதற்குக் களப்பணி கட்டாயமில்லை. பத்தி எழுத்தாளரும் காலையில் செய்தித்தாளைப் பிரிக்கிறார், யாரோ ஒரு செய்தியாளர் கொண்டுவந்த தகவலை எடுக்கிறார், அதன் மேல் தம் எண்ணத்தைச் சொல்கிறார். வலைப்பதிவரும் அதையேதான் செய்கிறார். அப்படியானால் நேர்மையான ஒப்பீடு எது? செய்தியாளரின் சிறந்த படைப்பையும் வலைப்பதிவரின் மோசமான பதிவையும் தராசில் வைப்பதா? பத்தியையும் பதிவையும் வைப்பதா?

பத்தி எவ்வளவு சரிபார்க்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். மிட்ச் ஆல்பம், 'டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்' நாளிதழின் நட்சத்திரப் பத்தி எழுத்தாளர். லட்சக்கணக்கில் விற்ற நூல்களின் ஆசிரியர். 2005 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை இதழில் அவர் பத்தி வந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர்கள் இருவர், தங்கள் பழைய அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் பறந்து வந்தார்கள், பல்கலைக்கழக உடை அணிந்து கூட்டத்தோடு அமர்ந்திருந்தார்கள் என்று எழுதியிருந்தார். ஆட்டம் நடந்தது சனிக்கிழமை. பத்தி எழுதப்பட்டதோ வெள்ளிக்கிழமை. ஞாயிறு இதழின் அந்தப் பகுதியை முன்கூட்டியே அச்சிட வேண்டியிருந்ததால், நடக்கப்போவதை நடந்ததாக எழுதிவிட்டார். வருவோம் என்று அவரிடம் சொல்லியிருந்த வீரர்கள் இருவரும் கடைசியில் வரவில்லை. அரங்கில் இல்லாதவர்கள் அரங்கில் இருந்ததாக அச்சில் வந்தது. வெள்ளிக்கிழமை வந்த எழுத்தில் சனிக்கிழமை ஆட்டம் எப்படி இருக்க முடியும் என்று அலுவலகத்தில் அந்தப் பத்தி கடந்துபோன மேசைகளில் ஒருவர்கூடத் தடுத்து நிறுத்தவில்லை. இதழ் வருத்தம் தெரிவித்தது. ஆல்பத்தின் மீதும் வேறு நால்வர் மீதும் நடவடிக்கை எடுத்தது. இதைவிடக் கடுமையானது 1998-இல் 'பாஸ்டன் குளோப்' இதழில் நடந்தது. அதன் பத்தி எழுத்தாளர் பேட்ரிசியா ஸ்மித், இல்லாத மனிதர்களை உருவாக்கி அவர்கள் வாயில் பேச்சை வைத்ததை ஒப்புக்கொண்டு விலகினார். ஆனால் இப்படி ஒன்று நிகழ்ந்தால் அது தனி மனிதத் தவறு. வலைப்பதிவர் ஒருவர் தவறினால் அது வலைப்பதிவு என்ற வடிவத்தின் தவறு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்த அளவுகோலைத்தான் நான் மறுக்கிறேன்.

சரி, வலைப்பதிவர்கள் செய்துகாட்டியது என்ன? ஸ்கூப் கட்டுரை வந்த மூன்றாம் நாள், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் இதழியல் பேராசிரியர் ஜே ரோசன் அதே 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' வழியாகவே மறுமொழி தந்தார். கோபப்பட்டுப் பேசாமல், வலைப்பதிவர்கள் உண்மையில் செய்த செய்திப் பணிகளை வாசகர் உதவியோடு திரட்டி வரிசையாக வைத்தார். அந்தக் காலத்து நிகழ்வுகளில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். முதலாவது 2006 ஆகஸ்ட். அரசு தரும் மானியமும் ஒப்பந்தமும் யாருக்குப் போகிறது என்று எந்தக் குடிமகனும் தேடிப் பார்க்கும்படி ஒரு தகவல்தளம் வேண்டும் என்று செனட் சபையில் மசோதா வந்தது. குடியரசுக் கட்சியின் டாம் கோபர்னும் ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமாவும் சேர்ந்து கொண்டுவந்தது. அதை யாரோ ஓர் உறுப்பினர் பெயர் சொல்லாமல் நிறுத்தி வைத்தார். அந்தச் சபையின் வழக்கம் அதற்கு இடம் கொடுத்தது. யார் அவர்? வலதுசாரி வலைப்பதிவர்களும் இடதுசாரி வலைப்பதிவர்களும் ஒரே வேலையைக் கையில் எடுத்தார்கள். உங்கள் மாநில செனட்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள், 'நிறுத்தியது நீங்களா' என்று கேளுங்கள், பதிலை எங்களுக்கு எழுதுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். நூறு பெயர்கள். 'இல்லை' என்று சொன்ன பெயர்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டன. பட்டியல் நாளுக்கு நாள் சுருங்கியது. மாத இறுதியில் அலாஸ்காவின் டெட் ஸ்டீவன்ஸ் அலுவலகம், ஆம், நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டது. பிறகு ராபர்ட் பேர்டும் தாமும் நிறுத்தியதைச் சொன்னார். செப்டம்பர் 26 அன்று அந்த மசோதா சட்டமாயிற்று. பத்தி எழுத்தாளர் ஒருவர் தனியே அமர்ந்து நூறு அலுவலகங்களுக்குப் பேசியிருக்க முடியுமா? முடியும். யாரும் செய்யவில்லை. வாசகரைத் துணைக்கு அழைக்கலாம் என்ற எண்ணமே அந்த மேசைகளுக்கு வரவில்லை.

இரண்டாவது நிகழ்வு இன்னும் பெரியது. அமெரிக்காவில் மத்திய அரசு வழக்கறிஞர் பதவிகள் 93. அதிபர் நியமிப்பவர்கள்தான், ஆனால் பதவிக்கு வந்தபின் கட்சி பார்க்காமல் வழக்கு நடத்த வேண்டியவர்கள். 2006 டிசம்பர் 7 அன்று அவர்களில் ஏழு பேரைப் பதவி விலகச் சொன்னார்கள். தலைநகரப் பத்திரிகைகளில் இது பெரிய செய்தியாகவில்லை. ஆர்கன்சாவில் ஒரு வழக்கறிஞர் போனார், அந்த ஊர் இதழில் சிறு செய்தி. சான் டியகோவில் கேரல் லாம் போனார், அந்த ஊர் இதழில் செய்தி. நியூ மெக்சிகோவில் ஒருவர். ஒவ்வொரு ஊரிலும் அது உள்ளூர் விஷயம். மார்ஷலும் அவருடைய சிறு குழுவும் இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். லாம், குடியரசுக் கட்சிப் பிரதிநிதி ஒருவரை லஞ்ச வழக்கில் சிறைக்கு அனுப்பியவர். ஆர்கன்சா பதவிக்கு வந்தவரோ அதிபரின் அரசியல் ஆலோசகர் கார்ல் ரோவிடம் பணியாற்றியவர். இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறதே என்று 2007 ஜனவரியில் எழுதினார்கள். வாசகர்கள் தங்கள் ஊர்ச் செய்திகளை அனுப்பினார்கள். அப்போது 'டைம்' இதழின் வாஷிங்டன் பொறுப்பாளர் ஜே கார்னி, இல்லாத சதியைச் சிலர் பார்க்கிறார்கள் என்று எழுதினார். மார்ச் மாதம் நீதித்துறை ஓர் இரவில் சுமார் 3,000 பக்க ஆவணங்களை வெளியிட்டது. அவ்வளவையும் யார் படிப்பது? மார்ஷலின் தளம் அவற்றை ஐம்பது ஐம்பது பக்கமாகப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லி வாசகர்களை அழைத்தது. விடிவதற்குள் படித்து, முக்கியமான வரிகளை எடுத்து எழுதினார்கள். அதே மாதம் கார்னி திரும்பி வந்து, ஐயப்பட்டவர்கள் தொடக்கம் முதலே சரியாகச் சொன்னார்கள், நான் தவறினேன், அவர்களுக்கு என் வணக்கம் என்று வெளிப்படையாக எழுதினார். ஆகஸ்ட் 27 அன்று நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஆல்பர்ட்டோ கொன்சாலஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். ஸ்கூப்பின் கட்டுரை வெளியாகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. 2008 பிப்ரவரியில் சட்டத்துறைச் செய்திப் பணிக்கான ஜார்ஜ் போல்க் விருது மார்ஷலின் தளத்துக்குக் கிடைத்தது.

இது புதிய வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐ.எஃப். ஸ்டோன் என்ற பெரியவர் 1953-இல் ஒரு சிறு வார இதழைத் தாமே எழுதி, தாமே வெளியிட்டார். அமைச்சர் விருந்துகளுக்கு அவர் போகவில்லை. அரசு ஆவணங்களையும் நாளிதழ்களின் மூலையில் கிடக்கும் துணுக்குகளையும் படித்தார். 1957-இல் நெவாடாவில் நிலத்தடியில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. மறு ஆண்டு, அந்த அதிர்வு இருநூறு மைலுக்கு அப்பால் பதிவாகவில்லை என்று அணுசக்தி ஆணையம் சொன்னது. நிலத்தடிச் சோதனையைத் தொலைவிலிருந்து கண்டறிய முடியாது, எனவே தடை ஒப்பந்தம் பயன்படாது என்ற வாதத்துக்கு அது வசதியாக இருந்தது. ஸ்டோனுக்கோ முந்தைய ஆண்டு நாளிதழில் டொராண்டோ, ரோம், டோக்கியோ என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த சில வரிகள் நினைவில் இருந்தன. அமெரிக்க அரசின் நில அளவைத் துறைக்கே தொலைபேசி செய்து கேட்டார். இரண்டாயிரம் மைலுக்கும் அப்பால் அலாஸ்காவில் பதிவானதாக விவரம் கிடைத்தது. ஆணையம் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் சிறு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, மூல ஆவணத்தைத் தேடிப் போவது, கேட்க வேண்டிய இடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. மார்ஷல் செய்ததும் இதுதானே? ஸ்டோனை இதழியலின் முன்னோடி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே வழியில் நடந்தவரை இரைச்சல் என்று தள்ளலாமா?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். மறுப்புகள் வலுவானவை, தட்டிக்கழிக்கக் கூடாதவை. முதல் மறுப்பு: வலைப்பதிவர் செய்தித்தாளின் உழைப்பில் வாழ்கிறார், ஆர்கன்சா இதழும் சான் டியகோ இதழும் இல்லாமல் மார்ஷல் எதை வைத்து எழுதியிருப்பார்? உண்மைதான். உள்ளூர் நிருபர் இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை. ஆனால் அதே நிருபரின் உழைப்பில்தான் பத்தி எழுத்தாளரும் வாழ்கிறார். வேறுபாடு ஒன்று உண்டு. வலைப்பதிவர் யாரிடமிருந்து எடுத்தாரோ அவருக்குச் சுட்டி கொடுக்கிறார். வாசகர் ஒரு சொடுக்கில் மூலத்துக்கே போய், இவர் சொல்வது சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். பத்தியில் அதற்கு இடமில்லை. 'நம்பகமான வட்டாரம்' என்றால் நம்ப வேண்டியதுதான். எல்லா வலைப்பதிவரும் இப்படிச் செய்தார்களா? இல்லை. பியூ ஆய்வு மையம் 2006 ஜூலையில் வெளியிட்ட கணக்கின்படி, அன்றைக்கு அமெரிக்காவில் வலைப்பதிவு எழுதியவர்கள் சுமார் 1.2 கோடிப் பேர். தாங்கள் எழுதுவதை இதழியல் என்று கருதியவர்கள் 34 சதவீதம்தான். மூலத்துக்குச் சுட்டி தருவதுண்டு என்றவர்கள் 57 சதவீதம். கூடுதல் நேரம் செலவிட்டுத் தகவலைச் சரிபார்ப்பதுண்டு என்றவர்கள் 56 சதவீதம். பாதிக்கு மேல், முக்கால்கூட இல்லை. இந்த எண்கள் இரு தரப்புக்கும் சேர்த்துத்தான் பேசுகின்றன. பெரும்பாலோர் தங்கள் குடும்பம், பயணம், அனுபவம் என்று எழுதினார்கள். நாங்கள் பத்திரிகை என்று அவர்கள் சொல்லவே இல்லை. சொல்லாத ஒன்றுக்காக அவர்களைக் குற்றக்கூண்டில் ஏற்றியது நியாயமில்லை.

இரண்டாவது மறுப்பு: வலைப்பதிவர்கள் பெருந்தவறுகள் செய்தார்கள், கூட்டமாகச் சேர்ந்து செய்தார்கள். இதற்கும் நானே சான்று தருகிறேன். 2006 நவம்பரில் பாக்தாதின் ஹுரியா பகுதியில் ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி தந்தது. தகவல் சொன்னவர் ஜமீல் ஹுசைன் என்ற காவல் அதிகாரி. அப்படி ஒருவரே இல்லை, செய்தி நிறுவனம் ஆளைக் கற்பனை செய்துவிட்டது என்று வலைப்பதிவர்கள் பலர் வாரக்கணக்கில் எழுதினார்கள். 2007 ஜனவரியில் ஈராக் உள்துறை அமைச்சகம், அவர் இருக்கிறார், எங்கள் அதிகாரிதான் என்று சொன்னது. போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைத்துச் செய்தி தந்தவர்கள் மீது சுமத்தப்பட்ட பழி அது. சிறிய பிழை என்று நான் பூசி மெழுக மாட்டேன். சில பதிவர்கள் திருத்தம் போட்டார்கள். சிலர் பேச்சை மாற்றினார்கள். பேச்சை மாற்றியவர்கள் மீது என் கண்டனம் முழுமையானது. ஆனால் என் அளவுகோல் இங்கேயும் அதேதான். தவறு செய்யாத எழுத்து எங்கும் இல்லை. தவறு வெளிப்படும்படி எழுதப்பட்டிருக்கிறதா, வெளிப்பட்டபின் எழுதியவர் என்ன செய்கிறார், இவ்விரண்டையும் பார்க்க வேண்டும். ஈராக்கில் பேரழிவு ஆயுதம் உண்டு என்ற தன் செய்திகள் போதிய கண்டிப்போடு சோதிக்கப்படவில்லை என்று 'நியூயார்க் டைம்ஸ்' ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது 2004 மே 26-இல். போர் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய தவறுக்குப் பிறகும் அந்த இதழை நாம் படிக்கிறோம். ஏன்? ஒப்புக்கொண்டது என்பதால். பைஜாமா மனிதருக்கும் அதே நீதி வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, நாகரிகம் பற்றியது. 2008 ஏப்ரலில் எச்.பி.ஓ. தொலைக்காட்சியின் விவாதத்தில், புலிட்சர் பரிசு பெற்ற எழுத்தாளர் பஸ் பிஸிங்கர், 'டெட்ஸ்பின்' என்ற விளையாட்டு வலைப்பதிவின் வில் லீட்ச் மீது நேரடியாகவே சீறினார். வலைப்பதிவுகளின் கொச்சைப் பேச்சு எழுத்தையே அழிக்கிறது என்பது அவர் ஆதங்கம். பின்னூட்டங்களில் ஓடிய வசையை யார் மறுக்க முடியும்? அந்த ஆதங்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் எதிரே இருந்த இளைஞரை மடக்குவதற்காக, டபிள்யூ.சி. ஹைன்ஸைப் படித்திருக்கிறாயா என்று கேட்டார். ஹைன்ஸ் விளையாட்டு எழுத்தில் பழைய தலைமுறையின் மேதை. படித்திருக்கிறேன் என்றார் லீட்ச். வசைச் சொற்களை அன்றிரவு மேடையில் அதிகம் பேசியவர் பிஸிங்கர்தான். பின்னர் தம் நடத்தைக்காக அவரே வருத்தம் தெரிவித்தார்.

நான்காவது மறுப்பைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். செய்தி சேகரிக்கப் பணம் வேண்டும். பிரீஸ்டும் ஹல்லும் மாதக்கணக்கில் ஒரே மருத்துவமனையைச் சுற்றி வந்தபோது அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு நாளிதழ். நாளிதழ் விழுந்தால் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பார்? 2009 பிப்ரவரியில் டென்வரின் 'ராக்கி மவுண்டன் நியூஸ்' மூடப்பட்டது; 1859-இல் பிறந்த இதழ், நூற்றைம்பது வயதை எட்டச் சில வாரங்களே இருந்தன. இந்தக் கேள்விக்கு வலைப்பதிவர்களிடம் விடை இல்லை, அன்றும் இல்லை. ஆனால் நாளிதழின் வருவாயைத் தின்றது வலைப்பதிவா? வாடகை வீடு, பழைய கார், வேலை வாய்ப்பு என்ற வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. அதுதான் அடித்தளத்தை அரித்தது. பத்தி எழுத்தாளர்களின் சினம் தவறான வாசலைத் தட்டியது என்பது என் துணிபு. நிருபர்களின் இடங்கள் காலியாகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அவர்களுக்காக எழுந்திருக்க வேண்டிய குரல்கள் பைஜாமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. மாணவச் செல்வங்களே, எனக்கு உண்மையிலேயே வேதனை தருவது இதுதான்.

பத்தியின் மதிப்பை நாளிதழ் ஒன்றே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 2005 செப்டம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' தன் பத்தி எழுத்தாளர்களை 'டைம்ஸ் செலக்ட்' என்ற கட்டணச் சுவருக்குள் வைத்தது. இணைய வாசகருக்கு ஆண்டுக்கு 49.95 டாலர். செய்தி இலவசம், கருத்துக்குக் காசு. பணம் வராமல் இல்லை. இணையத்துக்கென்றே பணம் கட்டியவர்கள் சுமார் 2,27,000 பேர். ஆண்டு வருவாய் ஏறத்தாழ ஒரு கோடி டாலர். ஆனால் சுவருக்குள் இருப்பவருக்கு வெளியே இருப்பவர் சுட்டி கொடுக்க முடியவில்லை. மறுத்து எழுத முடியவில்லை, பாராட்டி எழுதவும் முடியவில்லை. நாடு முழுவதும் நடந்த விவாதத்தில் அந்தப் பெயர்கள் மெல்ல மெல்ல அருகின. இரண்டு ஆண்டுக்குப் பின், 2007 செப்டம்பரில், ஸ்கூப்பின் கட்டுரை வெளிவந்த மறு மாதமே, சுவரை இடித்தார்கள். சுவர் விழுந்த அதே வேளையில் அந்த இதழின் பத்தி எழுத்தாளர்களில் ஒருவரான பால் க்ரூக்மன், அதே இதழின் இணையதளத்தில் ஒரு வலைப்பதிவைத் தொடங்கினார். அச்சில் அவருக்கு இருந்த இடம் வாரத்துக்கு இரண்டு முறை எண்ணூறு சொல்லுக்குள் அடங்கியது. அங்கே அட்டவணை போட முடியாது, வரைபடம் போட முடியாது, எதிர்வாதத்துக்கு மறுநாளே பதில் சொல்ல முடியாது. வலைப்பதிவின் தொடக்கப் பதிவிலேயே அவர் ஒரு வரைபடத்தை வைத்தார். அமெரிக்காவின் வருமானத்தில் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினருக்குப் போன பங்கு, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளில் எப்படி விழுந்து மறுபடி எழுந்தது என்பதைக் காட்டும் கோடு அது. பிக்கெட்டி, சாயஸ் என்ற இரு பொருளியலாளர்கள் வரிக் கணக்குகளிலிருந்து திரட்டிய எண்கள். எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னார். வாசகர்கள் அதே எண்களை எடுத்து அவரோடு வாதாடத் தொடங்கினார்கள்.